மடியில் வந்த ஆமை

பயிற்சிக்கென்று கொழும்புக்குப் போன நான், திரும்பி வரும்போது ஒரு பிள்ளையையும் ஓர் ஆமையையும் கொண்டுவந்து சேர்த்ததை எங்கள் அலுவலகத்தில் இன்றைக்கும் பகிடியாகச் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு பகிடியாக இருக்கவில்லை.

பிள்ளையின் தாய் முன்பு எங்கள் மாதர் குழுவில் இருந்தவர். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்படவிருந்தார். எட்டு வயது மகளை வடமராட்சியிலுள்ள தன் தாயிடம் சேர்க்க வேண்டும். பயண நாளோ நெருங்கிவிட்டது. "அக்கா, நீங்கள் போகேக்கை கூட்டிக்கொண்டு போய் விடுவியளோ?" என்று கேட்டார். கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு சம்மதித்தேன்.

வெள்ளவத்தையில் அவர்கள் இருந்த அறைக்குப் போனபோது, பிள்ளை ஒரு பெரிய சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி அதில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேசினுக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு பச்சை ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு.

"கொண்டு போகேலாது எண்டு சொல்லிப்போட்டன். கேக்கிறாள் இல்லை" என்றார் தாய். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. போத்தலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் எல்லோரும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது எனக்கு ஏழு வயது. எங்கள் நாய் நாவற்குழிப் பாலம் வரைக்கும் பின்னால் வந்தது. பிறகு காணவில்லை. அந்தச் சனத்துக்குள் பெரியவர்களுக்கு நாயைத் தேட நேரமில்லை. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் இன்றைக்கும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன்.

"ஆமையும் வரட்டும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஆமையைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது உறைத்தது. வாங்கிய கடையில் கேட்டோம். மீனைப் போலத் தண்ணீர்ப் பையில் கட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். நல்ல காலம், என்னோடு படித்த தோழி ஒருத்தி மிருக வைத்தியர். தொலைபேசியில் பேச்சு வாங்கினேன்.

"அது என்ன மீனோ? எங்களைப் போலச் சுவாசப்பையாலை மூச்சு விடுற சீவன். பஸ் ஆடுற ஆட்டத்துக்குத் தண்ணிக்குள்ளை பிரண்டு, தலையை நிமிர்த்த ஏலாமல் மூழ்கிப் போம்."

முதலில் அது நட்சத்திர ஆமை இல்லைத்தானே என்று விசாரித்தாள். நட்சத்திர ஆமை எங்கள் நாட்டுக்குரியது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். இதுவோ அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம், கடைகளில் விற்பது. அவள் சொன்னபடி ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றை எடுத்து, மூடியிலும் பக்கங்களிலும் ஓட்டை போட்டோம். ஓட்டைகளை ஆமை உள்ளே இருக்கும்போது போடக்கூடாது. சூடாக்கிய ஆணியால் வெளியில் வைத்தே போட்டு, ஓரங்களைத் தேய்த்துவிட வேண்டும். அடியில் பழைய துவாயை நனைத்துப் பிழிந்து விரித்தோம். ஈரம் மட்டும் போதும், தண்ணீர் தேங்கக்கூடாது. பெட்டி பெரிதாக இருந்தால் நல்லது என்று நான் நினைத்தேன். அதுவும் பிழை. பெரிய பெட்டியில் அங்குமிங்கும் உருண்டு அடிபடுமாம். முதல் நாளிலிருந்து சாப்பாடு கொடுக்கவில்லை, வழியில் அழுக்காக்காமல் இருப்பதற்கு. இரக்கப்பட்ட பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தத்தான் கஷ்டப்பட்டேன். ஆமை ஒரு நாள் பசியைத் தாங்கும்.

இரவு பஸ். யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். நடத்துனர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பொதியெல்லாம் பின்னுக்குப் போடுங்கோ அக்கா" என்றார். பொதி வைக்கும் இடத்தில் காற்றோட்டமும் இல்லை, எஞ்சின் சூடு வேறு. "இது சாப்பாட்டுப் பெட்டி தம்பி" என்று ஒரு பொய் சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளைக்கு முன்னால் பொய் சொன்னது பிழைதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து தலைக்கு மேல் இருந்தது. ஆமைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக்கத் தெரியாது. சுற்றியிருக்கும் குளிர்தான் அதன் குளிர். குளிரூட்டி நேரே பெட்டியில் அடித்தால் சோர்ந்து, சளி பிடித்துவிடுமாம். காற்று வரும் வாயைத் திருப்பிவிட்டு, பெட்டியைச் சால்வையால் சுற்றினேன். மூடியின் ஓட்டைகளை மாத்திரம் மறைக்கவில்லை. புத்தளம் தாண்டித் தேநீருக்கு நிறுத்தியபோது மூடியைத் திறந்து துவாயைச் சிறிது நனைத்தோம். கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்தது. இருவரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினோம். ஆமையில் சல்மனெல்லா என்ற கிருமி இருக்கும். அதனால்தான் அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை 1975இல் தடை செய்தார்கள். சிறு பிள்ளைகள் வாயில் வைத்துவிடுவார்களே.

வவுனியா கழிந்த பிறகுதான் பிள்ளை முதன்முதலாகத் தானாகப் பேசினாள்.

"அன்ரி, இதுக்கு எங்கை போறம் எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"எனக்கும் அம்மம்மான்ரை வீடு ஞாபகம் இல்லை."

வேறொன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டாள்.

விடியப் போய் இறங்கியபோது அம்மம்மா பேத்தியைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தார். "ஐயோ பிள்ளை, ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு தெரியாதே உங்களுக்கு?" பிள்ளையின் முகம் வாடிவிட்டது. "அப்ப கிணத்துக்கை விடுவம், கிணறு துப்பரவாகும்" என்றார் அடுத்து. கிணற்றில் ஆமை விடலாம், வீட்டில்தான் கூடாது என்ற கணக்கு எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கிணறும் சரிவராது. இந்த ஆமை தினமும் ஏறி வெயில் காய வேண்டும். கட்டுக்கிணற்றில் ஏற இடமில்லை. குளத்தில் விடுவதோ அதைவிடக் கேடு. உலகில் மிக மோசமாகப் பரவும் 100 அந்நிய இனங்கள் என்று தயாரித்த பட்டியலில் இதுவும் ஒன்று. எங்கள் குளத்து ஆமைகளின் தீனையும் இடத்தையும் இது பிடித்துவிடும். வளர்ந்தால் சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வரும், 20 வருடத்துக்கு மேல் வாழும் என்பதையும் அம்மம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். வாங்கிக் கொடுக்கும்போது தாய்க்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"இருவது வரியமோ? அப்ப நான் இல்லை, இவள்தான் பாக்கவேணும்."

எழுந்து கிணற்றடித் தொட்டியைத் தேய்க்கத் தொடங்கினார். உடைந்த அம்மி ஒன்றை நடுவில் வைத்து, கால் முழங்கைக்கு மேல் வராத அளவில் தண்ணீர் விட்டோம். காகம் தூக்காமல் மேலே வலை. பயணக் களைப்பில் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலாம் நாள் அம்மம்மா தொலைபேசி எடுத்தார். கூனி போட்டதும் வந்து கவ்விவிட்டதாம். தாயோடு பேசும்போது பிள்ளை அதைத்தான் அரை மணித்தியாலம் சொன்னாளாம்.

"எல்லாம் சரி தங்கச்சி. ஆனா அதைத் தொட்டுப்போட்டுக் கை கழுவாமல் குசினிக்கை வாறாள். என்ரை சொல்லுக் கேக்கிறாள் இல்லை. நீங்கள் ஒருக்கா வந்து சொல்லுங்கோ."

வருகிற சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.