கைக்குள்ள லைட்டர் இருந்தா குத்து பலமாகுமா?

உள்ளங்கையில லைட்டரையோ நாணயக் கட்டையோ இறுக்கிப் பிடிச்சுக் குத்தினா அடி இடி மாதிரி இறங்கும்னு பலர் நம்புறாங்க. எடை கூடுதுல்ல, அதான் காரணமாம். கணக்கு அதுக்கு இடம் தரல. 70 கிலோ ஆளோட ஒரு கையே 3.5 கிலோ வரும். குத்துறப்போ தோளும் இடுப்பும் வேற சேருது. அதுல கைக்குள்ள இருக்கிற சின்னப் பொருளோட எடை எதைக் கூட்டிடும்? 2013-ல வெளியான யூட்டா பல்கலைக்கழக ஆய்வுல, விரல்களை மடக்கிக் கட்டைவிரலால பூட்டினா விரல்முட்டி மூட்டு சுமார் 4 மடங்கு விறைப்பாகுதுன்னு தெரிஞ்சுது. ஆனா அடியோட உச்ச விசை, திறந்த உள்ளங்கை அடியைவிடக் கூடல. அப்போ கைக்குள்ள இருக்கிற பொருள் மிஞ்சிப்போனா முஷ்டிக்கு முட்டுக்கொடுக்கும். பெருசா இருந்தா விரல் சரியா மடங்காம அதுவும் கெடும்.

“அப்போ 2009-ல குத்துச்சண்டை வீரர் மார்கரிட்டோவோட கைக்கட்டுல கெட்டியான பட்டை இருந்ததுக்கு கலிஃபோர்னியா விளையாட்டு ஆணையம் ஏன் அவரோட உரிமத்தை ரத்து பண்ணுச்சு?”ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. அது இருந்தது விரல்முட்டி மேல, எதிராளியைத் தொடுற இடத்துல. அங்கே கடினம் கூடினா அதே விசை தோலைக் கிழிக்கும், எலும்பை உடைக்கும். உள்ளங்கைப் பொருள் எதிராளி முகத்தைத் தொடுறதே இல்ல. கைக்குள்ள இருக்கிற லைட்டரை நம்பிச் சண்டைக்குப் போற பசங்களை நினைச்சா நிஜமாவே பதறுது. வெறுங்கையால மண்டையில குத்தினா பெரும்பாலும் முறியுறது குத்தினவனோட சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை எலும்புதான். அதை அந்த லைட்டர் காப்பாத்துமா?