ஒரு ரப்பர் வட்டம்

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகச் சேலத்திலிருந்து தருமபுரிக்குக் காரில் போனோம். தொப்பூர் கணவாயில் ஏறிக்கொண்டிருக்கும்போது எதிர்ப்பக்கச் சாலையில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. "இங்கயே ஏன் தாத்தா எப்பவும் கவுருது?" என்று பேரன் கேட்டான். "இறக்கம் சாமி" என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொன்னால் என் கதையையும் சொல்லவேண்டி வரும். அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்குச் சங்ககிரி பக்கம். அப்பா எனக்கு விட்டுப் போனது மூன்று ஏக்கர் மேட்டுக்காடும் 1978 மாடல் ஆறு சக்கர லாரி ஒன்றும். 1986-இல் நான் 'ஒத்த வண்டி முதலாளி' ஆனேன். பத்து டன் ஏற்றுகிற பழைய டீசல் வண்டியை வைத்திருப்பதும் வீட்டில் வயசானவரை வைத்திருப்பதும் ஒன்றுதான். தினமும் ஏதாவது ஒன்று இருக்கும். என்ன வலி என்று வாய்விட்டுச் சொல்லாது, ஆனால் சொல்லாமலும் இருக்காது.

அந்தப் பாஷையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பட்டறை மேஸ்திரி. முதலில் புகையைப் பார்க்கச் சொல்வார். கறுப்பாக வந்தால் டீசல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் நாசில் சொட்டும். நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது, ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன, செலவுக்குத் தயாராகிக்கொள். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளையாகவே வந்தால் ரேடியேட்டர் தண்ணீரைப் பார், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

ஓடிக்கொண்டே இருந்த வண்டி சாகிற மாதிரி இழுத்து இழுத்து நின்றால், பாதி நேரம் டீசல் பைப்பில் காற்று நுழைந்திருக்கும். ஃபில்டர் மேலே இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டுக் கை பம்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையாக வரும். நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கினால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். இதைத் தெரியாமல் செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரியைக் காலி செய்தவர்கள் அநேகம் பேர். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதையே ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்துவிடும், மேட்டில் ஏறினால் கொதிக்கும். பட்டை உடைவது, கிளட்ச் பிளேட் தேய்வது எல்லாம் கணக்கிலேயே சேராது.

இதெல்லாம் வண்டியை நிறுத்துகிற கோளாறுகள். வண்டியை நிறுத்த முடியாமல் செய்கிற கோளாறு வேறு. அதைத்தான் நான் சரியாகக் கேட்கவில்லை.

எங்கள் வண்டிக்குக் காற்று பிரேக். இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற கம்ப்ரசர் காற்றைத் தொட்டியில் அடைத்துவைக்கும். பெடலை மிதித்தால் அந்தக் காற்று ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் இருக்கிற டப்பாவுக்குப் போகும். டப்பாவுக்குள் டயாபிரம் என்று கை அகல ரப்பர் வட்டம் ஒன்று உண்டு. காற்று அதைத் தள்ள, அது ஒரு கம்பியைத் தள்ள, கம்பி திரும்பி பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்தும். அத்தனை பாரத்தையும் கடைசியில் நிறுத்துவது அந்த ரப்பர்தான்.

1991-இல் ஒருநாள் மேஸ்திரி பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து காதைக் கொடுத்தார். "புஸ்ஸுங்குது பாருங்க. ரப்பர் கசியுது. நாலும் ஒரே வயசு, நாலையும் மாத்திப்புடலாம்" என்றார். காற்று குறைந்தால் கத்துகிற பஸ்ஸரும் வயர் அறுந்து ஊமையாகக் கிடந்தது. அதையும் சொன்னார். மறுநாள் லோடு இருந்தது. நாசிக் பக்கம் போய் வெங்காயம் ஏற்றி வர வேண்டும். "இந்த நடை போயிட்டு வந்துரட்டும் மேஸ்திரி" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிரைவர் மிச்சம் பிடிக்கிற டீசலில் பாதிக் காசை அவருக்கே கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இருந்தது. மைலேஜ் காசு என்போம். காசுக்காக இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருளவிடுவார்கள் என்று எல்லா முதலாளிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நியூட்ரலில் வந்தால் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, கம்ப்ரசரும் மெதுவாகத்தான் சுற்றும். தெரிந்தும் நான் கேட்டதில்லை.

எங்கள் டிரைவர் அப்பா காலத்து ஆள். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வெங்காய லோடோடு ராத்திரி ரெண்டு மணிக்குத் தொப்பூர் இறக்கத்துக்கு வந்திருக்கிறார். அப்போது நான்குவழிச் சாலை கிடையாது. மேலேயே ரெண்டாவது கியரைப் போட்டுத்தான் இறங்கியிருக்கிறார். இரண்டு வளைவு தாண்டியதும் மீட்டர் முள் இறங்க ஆரம்பித்திருக்கிறது. அடுத்த மிதியில் ரப்பர் முழுசாகக் கிழிந்துவிட்டது. மிதித்தால் காற்றுச் சத்தம்தான் வருகிறது, பிரேக் இல்லை. எங்கள் வண்டியில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே காற்றுப் பாதை. ஒன்று கிழிந்தால் எல்லாம் போச்சு.

அவர் கியரை விடவில்லை. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி, மண்மேட்டில் உரசி உரசி நிறுத்திவிட்டார். முன்பட்டை உடைந்தது. கேபின் ஒரு பக்கம் நசுங்கிக் கிளீனர் பையனுக்குக் கை முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

விடிகாலை நான் போய்ச் சேர்ந்தபோது ரோட்டோரம் கல்லில் உட்கார்ந்திருந்தார். கோபமாகப் பேசவில்லை.

"நியூட்ரல்ல வந்திருந்தா இன்னேரம் எங்க ரெண்டு பேத்தையும் துணி போத்திப் படுக்க வெச்சிருப்பாங்க தம்பி. இத்தன வருசமா இந்த எறக்கத்துல நான் மைலேஜ் பாத்ததில்ல. இனி அந்தக் காசு எனக்கு வேண்டாமுங்க."

நான் மாற்றாமல் விட்ட ரப்பரிலிருந்து அவரைக் காப்பாற்றியது, நான் காசு கொடுத்துப் பழக்கப் பார்த்த வழக்கத்தை அவர் பழகாமல் இருந்ததுதான்.

அந்த வாரமே நாலு ரப்பரும் புதிதாயின. பஸ்ஸர் கத்த ஆரம்பித்தது. தினமும் காலையில் காற்றுத் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடிக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மைலேஜ் காசை நிறுத்திவிட்டுப் படியில் சேர்த்துக் கொடுத்தேன். கிளீனர் பையனுக்கு வைத்தியச் செலவு முழுவதும் செய்தேன். அவன் அம்மா என்னைத் திட்டவே இல்லை. "கை பழையபடி நீட்ட மடக்க வருங்களா?" என்று மட்டும் கேட்டார். வந்தது, ஆனால் முழுசாக இல்லை. அதற்குப் பிறகு அவன் வண்டியேறவில்லை.

1999-இல் வண்டியை விற்றேன். டிரைவர் அண்ணன் காலமாகிப் பல வருஷமாகிறது. இப்போது வருகிற வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிக் காற்றுப் பாதை. காற்று அடியோடு போனால் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனாலும் நியூட்ரலில் இறங்கி டிரம் சூடேறினால் புது வண்டியும் நிற்காது.

பேரனுக்கு இப்போது பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். கவிழ்வது தொப்பூரில்தான் சாமி. ஆனால் சில வண்டிகள் அதற்கு முன்பே, பட்டறை வாசலில், "இந்த நடை போயிட்டு வரட்டும்" என்று முதலாளி சொல்கிற இடத்திலேயே சாய ஆரம்பித்துவிடுகின்றன.