பூவுக்குச் சொல்லிவைப்பது

புரட்டாசி பிறந்ததும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் இடும் முதல் வேலை, தெருமுனைப் பூக்காரம்மாவிடம் போய் ஆயுத பூஜைக்குச் சொல்லிவைத்துவிட்டு வருவது. "இன்னும் எத்தனையோ நாள் இருக்கே அப்பத்தா, முந்தின நாள் ராத்திரி போன்ல போட்டா காலையில வந்துடும்" என்கிறார்கள். வரும்தான். ஆனால் என்ன பூ வரும், என்றைக்குப் பறித்த பூ வரும், அதைக் கட்டியவருக்குக் கைக்கூலி என்ன மிஞ்சியது என்பதெல்லாம் அந்தப் போனில் தெரியாது. மதுரையிலேயே பிறந்து, வாழ்க்கைப்பட்டு, பேரன் பேத்தி எடுத்தவள் நான். புதிதாகக் குடித்தனம் வைத்திருக்கும் பிள்ளைகளும், அலுவலகத்தில் முதன்முறையாகப் பூஜைப் பொறுப்பை ஏற்றிருக்கும் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

முதலில் பூவின் நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். மல்லிகையை மலர்ந்த பிறகு பறித்தால் விலை போகாது. அன்று மாலை விரியப் போகிற மொட்டை விடியுமுன் பறித்தாக வேண்டும். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் பெண்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே செடிக்குள் இறங்கிவிடுவார்கள். காலையில் அந்த மொட்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோக் கணக்கில் கைமாறும். அங்கிருந்து நம் தெருவுக்கு வந்து, உதிரியாக இருந்தது சரமாகி, பொழுது சாயும் நேரத்தில் நம் வீட்டில் வாசம் விடும். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழ் தடிப்பாக இருப்பதால் அது சீக்கிரம் வாடாது. அதனால்தான் விமானம் ஏறி சிங்கப்பூர் வரைக்கும் போகிறது. ஆனால் எந்தக் குறியீடும் பறிக்கும் நேரத்தைத் தள்ளிப்போட முடியாது. ஒரு காலை பறிக்கத் தவறினால் அன்றைய காசு செடியிலேயே பூத்துக் கொட்டிவிடும்.

அடுத்தது பருவம். மல்லிகைக்கு வெயில் வேண்டும். பங்குனி, சித்திரையில் கொட்டுகொட்டென்று கொட்டும். கிலோ சில நூறு ரூபாய்க்கு இறங்கும். மிஞ்சினதை சென்ட் ஃபேக்டரிக்காரர்கள் இன்னும் குறைத்து எடுத்துப் போவார்கள். மார்கழிப் பனியில் மொட்டே வைக்காது. தை பிறந்தால் பொங்கல், பின்னாலேயே முகூர்த்தங்கள். வரத்து இல்லாத நேரத்தில் எல்லாருக்கும் பூ வேண்டும். கிலோ மூவாயிரத்தைத் தாண்டிப் போன நாள்களும் உண்டு. அப்போது போய், "சித்திரையில முழம் இருவது ரூபாய்க்குக் குடுத்தியே, இப்ப என்ன கொள்ளையா?" என்று பூக்காரம்மாவிடம் சண்டை பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. விலையை ஏற்றியது அவரல்ல, பனி. அவரும் அதே விலை கொடுத்துத்தான் எடுத்து வந்திருக்கிறார்.

தை மாதத்தில் மல்லிகைதான் வேண்டும் என்று யார் சொன்னது? தலைக்குக் கொஞ்சம் மல்லி வாங்கிக்கொண்டு, சாமிக்குச் சம்பங்கியும் செவ்வந்தியும் போடுங்கள். வாசம் வேண்டுமென்றால் மரிக்கொழுந்து இரண்டு இணுக்கு சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். கனகாம்பரத்துக்கு மணம் இல்லை, ஆனால் நிறம் நிற்கும். எடை இல்லாத பூ என்பதால் கிலோ விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். முழம் கணக்கில் வாங்கினால் கட்டுப்படியாகும். பூக்கடையில் போய் நிற்கும்போது "இந்தப் பூ இருக்கா?" என்று தொடங்காதீர்கள். "இப்ப எது நல்ல வரத்து?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் பாதிப் பணம் மிச்சமாகும். அதோடு, நல்ல பூவும் கைக்கு வரும்.

ஒவ்வொரு பண்டிகைக்கும் அதனதன் பூ இருக்கிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலையும் அருகம்புல்லும். ஆயுத பூஜைக்குச் செவ்வந்தி, செண்டுப்பூ, கோழிக்கொண்டை, அரளி. பொங்கலுக்கு முன் காப்புக் கட்டப் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை. இதில் பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் யாரும் பயிர் செய்வதில்லை. காட்டிலும் கரட்டிலும் தானாகப் பூத்ததை அதிகாலையில் அலைந்து ஒடித்து, கட்டுக் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து நடைபாதையில் போட்டிருப்பார்கள். ஒரு கட்டுக்குக் கேட்பது சொற்பக் காசு. அதில் பேரம் பேசாதீர்கள்.

போனில் யாரோ எடுத்த படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று கேட்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் படத்தில் இருப்பது பெரும்பாலும் ஜெர்பரா, கார்னேஷன், ஆர்கிட். ஜெர்பராவும் ரோஜாவும் ஓசூரிலிருந்தும், கார்னேஷன் நீலகிரியிலிருந்தும் குளிர்ப்பெட்டியில் வருகிறவை. மேடை அலங்காரத்துக்கு அவை அழகு, நான் மறுக்கவில்லை. வேண்டுமென்றால் அலங்காரக் கடைக்காரரிடம் நாள் இருக்கும்போதே சொல்லுங்கள்; வெளியூரிலிருந்து வரவழைக்க அவருக்கு நேரம் வேண்டும். தெருமுனைக் கூடைக்காரரிடம் போய் அதைக் கேட்டு, இல்லை என்றதும் முகம் சுளிக்காதீர்கள்.

பூவின் புதுமையைக் கையால்தான் பார்க்க வேண்டும். மல்லி மொட்டு இறுகி, காம்பு பச்சையாக இருந்தால் இன்றைய பூ. இதழோரம் நீர் கோத்துப் பழுப்பேறியிருந்தால் ஐஸில் கிடந்த பூ. வீட்டுக்கு வருவதற்குள் கறுத்துவிடும். செவ்வந்தியைத் தலைகீழாகப் பிடித்து ஓர் உதறு உதறுங்கள், இதழ் கொட்டக் கூடாது. செண்டுப்பூவை முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மேலே பளிச்சென்று இருக்கும், தண்ணீர் தெளித்துத் தெளித்து அடிப்பக்கம் அழுகியிருக்கும். காம்புப் பக்கம் முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். ரோஜாவை அடியில் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் மறுநாளும் நிற்கும்.

சொல்லிவைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்? இங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். "நல்ல பூவா ஐந்நூறு ரூபாய்க்கு" என்பது ஆர்டரே அல்ல. எங்கள் பூக்காரம்மா எல்லாரிடமும் முதலில் கேட்பது, "என்ன விசேஷம் தாயி?" என்றுதான். விசேஷத்தைச் சொன்னால் பூவை அவரே பாதி முடிவு செய்துவிடுவார். பிறகு நாள், நேரம். பூஜை காலை ஆறுக்கா, சாயங்காலம் ஆறுக்கா என்பதைப் பொறுத்து அவர் எடுக்கும் மொட்டே வேறு. அப்புறம் அளவு. சாமி படத்தின் உயரத்தை ஒரு நூலில் அளந்து அந்த நூலைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கையை விரித்துக் காட்டி, "இவ்வளவு இருக்கும்" என்று சொல்லாதீர்கள். சரம் என்றால் எத்தனை முழம், நெருக்கிக் கட்டியதா, இடைவிட்டுக் கட்டியதா என்று பேசிக்கொள்ளுங்கள். முழம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். நெருக்கம்தான் உண்மையான அளவு. வாழைநாரில் கட்டினால் ஈரம் நிற்கும், சரம் வாடாது. நூலில் கட்டினால் வேலை சீக்கிரம் முடியும். எது வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. நாருக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

பணத்தில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். பூவின் விலை பண்டிகைக்கு முந்தின நாள் மார்க்கெட்டில்தான் தெரியும். பத்து நாள் முன்னால் அவரால் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே ஒன்று, அளவை உறுதி செய்யுங்கள்: "இரண்டு மாலை, பத்து முழம் சரம், கால் கிலோ உதிரி, அன்றைய விலையைக் கொடுக்கிறேன்." இல்லையென்றால் பணத்தை உறுதி செய்யுங்கள்: "எண்ணூறு ரூபாய்தான், அதற்குள் எது நன்றாக வருமோ அதைக் கட்டுங்கள்." அளவும் குறையக் கூடாது, பணமும் ஏறக் கூடாது என்று இரண்டையும் பிடித்து இழுத்தால் கடைசியில் குறைவது பூவின் தரம். பழைய பூவைக் கலக்காமல் அவரால் அந்தக் கணக்கைச் சரிக்கட்ட முடியாது.

இனி சொல்லப் போவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். சொல்லிவைத்த பூவை வாங்கிவிடுங்கள். பண்டிகைக்கு முந்தின நாள் விலை உச்சிக்கு ஏறி, மறுநாள் பத்து மணிக்கு மேல் சடாரென்று இறங்கும். எதிரே ஒருவர் பாதி விலைக்குக் கூவிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துவிட்டு, சொல்லிவைத்த இடத்துக்குப் போகாமல் அங்கேயே வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். போனையும் எடுக்க மாட்டார்கள். அந்த மாலை என்ன ஆகும்? சேலையாக இருந்தால் அடுத்த மாதம் விற்கலாம், அரிசியாக இருந்தால் மூட்டையில் கிடக்கும். நீங்கள் கைவிட்ட மாலை அன்று சாயங்காலத்துக்குள் குப்பை. உங்கள் படத்தின் அளவுக்குக் கட்டிய மாலையை வேறு யார் வாங்குவார்? அதற்காக அவர் மார்க்கெட்டில் கடன் சொல்லி எடுத்த பூ, வீட்டில் மகளும் மருமகளும் உட்கார்ந்து நள்ளிரவு வரை கட்டிய கூலி, எல்லாம் போய்விடும். அதனால்தான் பாதிப் பணத்தையாவது அட்வான்ஸாகக் கொடுத்துவிடுங்கள் என்கிறேன். அவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள். திட்டம் மாறிப்போனால், வீட்டில் துக்கம் நேர்ந்தால், முந்தின நாள் அவர் மார்க்கெட்டுக்குக் கிளம்புமுன் ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள்.

2020இல் ஊரடங்கு வந்தபோது கோயில் நடை சாத்தினார்கள், கல்யாண மண்டபங்களை மூடினார்கள். பறிக்கக் கூலி கட்டாமல் தோட்டங்களில் பூவைச் செடியிலேயே விட்டார்கள். எங்கள் பூக்காரம்மா அந்த மாதங்களில் கீரைக் கட்டு விற்றார். தெருவில் சில வீட்டார் மட்டும் அடுத்த பண்டிகைப் பூவுக்கான பணத்தை அப்போதே அவர் கையில் கொடுத்துவைத்தார்கள். இன்றைக்கும் பூ கிடைக்காத தை மாதத்தில் அந்த வீடுகளுக்கென்று கூடையின் அடியில் வாழை இலையில் ஒரு பொட்டலம் தனியாக இருக்கும். விலை கூடுதலாகச் சொல்லி யார் கேட்டாலும் அதை எடுக்க மாட்டார்.

வாங்கிய பூவைக் காப்பாற்றுவதும் உங்கள் வேலை. பாலித்தீன் பையில் இறுக்கி வைத்தால் பூ வியர்த்துக் கறுத்துவிடும். மல்லிச் சரத்தை வாழை இலையில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்; மேலே தண்ணீர் ஊற்ற வேண்டாம். செவ்வந்தியைத் தட்டில் பரப்பி ஈரத்துணி போர்த்தினால் போதும். பூஜை முடிந்த பூவைச் சாக்கடையில் தள்ளாதீர்கள், வைகையிலும் கொட்டாதீர்கள். நாரை உருவிவிட்டுச் செடிக்கு அடியில் போடுங்கள். அலுவலகத்தில் பூஜை செய்கிறவர்கள் கம்ப்யூட்டர் மேல் ஈரப் பூவை வைக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு தட்டில் வைத்தால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இந்த ஆண்டு நவராத்திரி தொடங்குமுன் உங்கள் தெருவில் கூடை வைத்திருப்பவர் யார் என்று போய்ப் பாருங்கள். பெயரைக் கேளுங்கள். போனில் அவர் எண்ணைப் பதியும்போது "பூக்கடை" என்று போடாமல் அவர் பெயரையே போட்டு, ஆயுத பூஜைக்கு என்ன வேண்டும் என்று அன்றைக்கே சொல்லிவைத்துவிட்டு வாருங்கள்.