மொட்டு பார்க்கும் கண்

மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதழின் தடிப்பு, காம்பின் நீளம், நெடுநேரம் நிற்கும் மணம் என்று அந்தப் பூவின் தனித்தன்மைகள் அடுக்கப்பட்டன. அந்தப் பெயருக்குரிய பூவில் ஒரு பங்கு திருப்பரங்குன்றம் ஒன்றியத்தில் விளைகிறது. திருப்பரங்குன்றம் மலையையும் ரயில்வே பாலத்தையும் விட்டுக் கிழக்கே நகர்ந்து, விமான நிலையத்தைத் தாண்டி அருப்புக்கோட்டைச் சாலையைப் பிடித்தால் வலையங்குளம், எலியார்பத்தி என்று பூ ஊர்கள் தொடங்குகின்றன. இடுப்பளவுச் செடிகள், நடுவே ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி, ஓரத்தில் ஒரு மோட்டார் அறை. அவ்வளவுதான் தோட்டம்.

பூ எடுப்பவர்கள் விடியுமுன்பே இறங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். நெற்றியில் டார்ச் லைட், இடுப்பில் மடியாகக் கட்டிய பழைய சேலைத்துணி. வெயில் ஏற ஏற மொட்டு துவளும், எடை இறங்கும். சந்தைக்குப் பிந்தினால் விலையும் இறங்கும். இருட்டிலேயே வேலை பாதி முடிந்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

அறுபதைத் தொட்ட ஒரு அம்மாவின் பின்னால் வரிசையில் நடந்தேன். இரண்டு கையும் தனித்தனியாக ஓடுகின்றன. என்ன பார்த்து எடுக்கிறீர்கள் என்று கேட்டதும் ஒரு கொத்தை விரலில் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். மூன்று மொட்டு. நடுவிலிருந்தது பருத்து, பச்சை முழுக்க விலகி வெளுத்திருந்தது. பக்கத்து இரண்டும் அதைவிடச் சிறியவை, அடியில் இன்னும் பச்சை ஓடியவை.

“நடுவுல உள்ளது இன்னைக்குச் சாயங்காலம் விரியும் தம்பி. இது ரெண்டும் நாளைக்கோ மறுநாளோ. இப்பவே கிள்ளிட்டா விரியாமலே கருகிப் போகும். இன்னைக்கு எடுக்க வேண்டியதை விட்டா செடியிலேயே மலந்து நிக்கும். மலந்த பூவ எந்தக் கடைக்காரன் வாங்குவான்?”

சொல்லி முடிப்பதற்குள் நடுமொட்டு மடிக்குள் போய்விட்டது. பக்கத்து இரண்டும் ஆடக்கூட இல்லை. அடுத்த கொத்தில் ஊதா ஏறிய மொட்டு ஒன்று வந்தது. அதைக் கிள்ளி எறியாமல் முந்தானை முடிச்சில் போட்டுக்கொண்டார். மொட்டுக்குள் புழு. கீழே போட்டால் மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி, ஈயாகித் திரும்பவும் செடிக்கே வரும். வரப்பில் ஓரிடத்தில் கொட்டி எரிப்பார்களாம். மருந்து அடிப்பது தோட்டக்காரர் வேலை. நோயை முதலில் கண்டுபிடிப்பது இவர்கள்தான்.

ஒரு கிலோ நிறைய வேண்டுமென்றால் சில ஆயிரம் மொட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு: இன்றா, நாளையா, நோயா. கூலி மட்டும் கிலோ கணக்கு.

அந்தக் கணக்கின் உள்ளே போனால் இன்னொன்று தெரிகிறது. கார்த்திகைக் கடைசியிலும் மார்கழியிலும் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிடுகிறார்கள். தொழுவுரம் வைத்துத் தண்ணீர் பாய்ச்சினால் புதுத்தளிர் வரும். மல்லிகை புதுத்தளிரில்தான் மொட்டுவிடும். மாசிக் கடைசியில் பூ கண்ணில் படும், பங்குனி முதல் கொட்டும். கவாத்தும் பனியும் சேர்ந்துகொள்ளும் மார்கழி, தை மாதங்களில் பூ அரிதாகிவிடும். தை பிறந்ததும் முகூர்த்தம் தொடங்கிவிடும். திருப்பரங்குன்றம் முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் ஒரே முகூர்த்த நாளில் இங்கே கோயிலிலும் மண்டபங்களிலும் நடக்கும் கல்யாணங்கள் ஏராளம். பூ குறைந்த நேரத்தில் தேவை உச்சம். மதுரை மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிச் செய்தித்தாளில் வருவது அந்த நாட்களில்தான். வரத்து பெருகும் கோடையில் அதே பூ 300 ரூபாய்க்கும் கீழே போகும்.

மூவாயிரம் விற்கும் நாளில் பூ எடுப்பவருக்கு என்ன கிடைக்கும்? வரிசை முழுக்க நடந்தாலும் மடி நிறையாது. கிலோ கணக்கில் கூலி என்றால் விலை ஏறும் நாளில் இவர்கள் வருமானம் இறங்குகிறது. அந்த மாதங்களில் மட்டும் நாள்கூலிக்கு மாற்றிக்கொள்ளும் தோட்டங்கள் இருக்கின்றன, எல்லாரும் மாற்றுவதில்லை. தோட்டக்காரரையும் குறை சொல்லிவிட முடியாது. உரம், மருந்து, கமிஷன் எல்லாம் போக, கோடை விலையில் பூ எடுக்கும் கூலிதான் அவருக்குப் பெரிய செலவு. “வெல இல்லாத அன்னைக்கு எடுக்காம விடலாம்னு தோணும் சார். விட்டா மறுநாள் பூ கெட்டுப் போகும். நட்டத்துலயும் எடுத்துத்தான் ஆகணும்” என்றார் ஒரு தோட்டக்காரர்.

செடி எங்கே வாங்கினீர்கள் என்று அவரிடம் கேட்டேன். “தங்கச்சிமடத்து நாத்து” என்றார், வேறு பதில் இருக்கவே முடியாது என்ற தோரணையில். மதுரைப் பெயர் கொண்ட பூவின் நாற்று ராமேசுவரம் தீவின் கடற்கரையிலிருந்து வருகிறது. அதைப் பார்க்காமல் கட்டுரை முடியாது என்று பாம்பன் பாலத்தைக் கடந்தேன்.

தங்கச்சிமடம் மீனவர் ஊர் என்றுதான் வெளியே பெயர். ஊருக்குள் நுழைந்தால் தென்னை நிழலில், பனையோலை வேலிக்குள், மணற்பாத்திகளில் மல்லிகைக் குச்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. சுற்றிலும் கடல் இருந்தும் இங்கே கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறுகிறது. நாற்றுக்கு நுனித்தளிரும் ஆகாது, முற்றிய கட்டையும் ஆகாது. இடைப்பட்ட தண்டாகப் பார்த்து வெட்டி நடுகிறார்கள். மணலில் ஈரம் நிற்காது என்பதால் தண்ணீர் தவறாமல் ஊற்ற வேண்டும். இதே மணல்தான் இந்த ஊரின் பலமும். வேர் பிடித்த நாற்றை இழுத்தால் மணல் உதிர்ந்து வேர் அறுபடாமல் முழுசாக வருகிறது. அதை எண்ணிக் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி அனுப்பினால் பயணத்தைத் தாங்குகிறது. பாத்தி ஓரத்தில் குந்தி எண்ணிக்கொண்டிருந்த பெண், ஒரு நாற்றைக் கையில் எடுத்ததுமே அடுத்ததோடு சேர்க்காமல் தள்ளிப் போட்டார். வேர் ஒரு பக்கம் மட்டும் விட்டிருந்தது. “இத வச்சு அனுப்புனா நட்ட எடத்துல சாஞ்சிரும். அப்புறம் எங்க ஊர்ப் பேருதான் கெடும்” என்றார். அவர் கணவர் கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்கால மாதங்களில் வீட்டில் உலை கொதிப்பது இந்த நாற்றில்தான்.

2023-24 தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் மதுரை மல்லிகைக்கென்று தனி இயக்கமே அறிவித்தார்கள். நாற்று, பரப்பு, சாகுபடி என்று அரசின் பார்வை செடியின் மேல் பட்டிருக்கிறது. செடியைத் தொடும் கைகள் வேறு கணக்கில் கிடக்கின்றன.

மூன்றாவது கை, பூ கட்டுபவருடையது, திருப்பரங்குன்றம் சன்னதித் தெருவில் இருக்கிறது. நனைத்த வாழைநாரைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் பூவில் இல்லை, வாடிக்கையாளர் மேல். சாயங்காலம் மொட்டு விரியும்போது கட்டு தளரக் கூடாது. இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். காலையில் வயலில் ஒருவர் தேர்ந்த மொட்டு ஒரே பருவத்தில் இருந்தால்தான் இங்கே சரம் ஒரே சீராக விரியும். பிஞ்சு கலந்திருந்தால் சரத்தில் ஆங்காங்கே விரியாத முடிச்சாய்த் தெரியும். “எடுத்தவ யாருன்னு பூவப் பாத்தாலே தெரியும்” என்று பூக்காரம்மா சொன்னதில் மிகை இல்லை.

திருப்பரங்குன்றம் தனி நகராட்சியாக இருந்து 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. வைகைத் தண்ணீர் நிலையூர்க் கால்வாயில் வந்து தென்கால் கண்மாயை நிறைத்த காலத்து வயல்கள் பல இன்று தெருக்கள். மாநகரின் விளிம்பு தெற்கே தோட்டங்கள் வரை வந்துவிட்டது. பூஞ்செடிக்குப் பக்கத்திலேயே மனைக்கல் நிற்கிறது. நிலம் போவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஆள் போவதைப் பற்றிப் பேச்சில்லை. நான் பார்த்த வரிசைகளில் நாற்பது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. வயலில் மொட்டு காட்டிய அம்மாவின் மகள் டவுன் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். “நெழல்ல வேல, மாசம் பொறந்தா சம்பளம். அவ எதுக்கு இங்க வரணும்?”

கூலியைப் பார்த்தால் பூப்பறிப்பு திறன் தேவைப்படாத வேலை போலத் தெரியும். மொட்டைப் பார்த்து நாளை எண்ணத் தெரிந்த கண் உருவாகச் சில வருடங்கள் ஆகும். அதை இந்தத் தோட்டங்களில் எந்த இயந்திரமும் செய்யவில்லை. பூ குறையும் மாதங்களில் நாள்கூலியை எல்லாத் தோட்டங்களும் ஏற்பதும், மல்லிகைக்கான அரசுத் திட்டத்தில் நாற்றுக்கும் சாகுபடிக்கும் அடுத்த வரியாகப் பூ எடுப்பவரைச் சேர்ப்பதும் பெரிய காரியங்கள் அல்ல. அவை நடக்காவிட்டால் குறியீடு இருக்கும், செடியும் இருக்கும். எந்த மொட்டு இன்றைக்கு என்று சொல்ல ஆள் இருக்க மாட்டார்.