மீன் ரூமும் 13 குடம் தண்ணியும்

மீன் வளர்க்கறவங்கள்ல ரெண்டு ரகம் உண்டு மக்களே. ஹால்ல ஒரே ஒரு தொட்டி வச்சு, கலர் கூழாங்கல் கொட்டி, வாயைத் திறந்து திறந்து மூடற பொம்மை ஒண்ணை உள்ள இறக்கி அழகு பாக்கறவங்க முதல் ரகம். நிம்மதியான மனுஷங்க. ரெண்டாவது ரகத்துக்கு ஒரு தொட்டி பத்தாது. கப்பி குட்டி போட்டுடுச்சுன்னு ஒண்ணு, ஏஞ்சல் ஜோடி சேர்ந்துடுச்சுன்னு இன்னொண்ணு, வாங்கிட்டு வந்த புது மீனைத் தனியா வைக்க வேற ஒண்ணு... இப்படியே போய், "இது வீடா, கொளத்தூரா?"ன்னு அடுப்படியிலேர்ந்து குரல் வரும்.

நான் ரெண்டாவது ரகம்னு சொல்லணுமா என்ன :-)

கொளத்தூர் தெரியாத வெளியூர்க்காரங்களுக்கு: சென்னையில கலர் மீனுக்குப் பேர் போன ஏரியா. வீட்டுப் பின்கட்டு, மொட்டை மாடின்னு கிடைச்ச இடத்துல எல்லாம் சிமெண்ட் தொட்டி கட்டி குடும்பம் குடும்பமா மீன் வளர்க்கற தெருக்கள் அங்க உண்டு. நான் பாடம் படிச்சது அங்கதான். தொட்டியைப் பத்தி நான் என்ன கேட்டாலும் அந்த ஆளுங்க பதிலுக்கு ஒரே கேள்விதான் கேப்பாங்க. "உங்க வீட்ல தண்ணி எப்படி சார்?"

அந்தக் கேள்வியோட முழு அர்த்தம் 2019-லதான் புரிஞ்சுது. அதுக்கு அப்புறம் வரேன்.

மாடியில சும்மா கிடந்த பத்துக்குப் பத்து ரூம். அதுல 14 தொட்டி. எல்லாம் ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். ஒண்ணுல 50 லிட்டர் தண்ணி நிக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஒரு ஸ்டாண்டுல மூணு அடுக்கு, அடுக்குக்கு ரெண்டு தொட்டின்னா தண்ணி மட்டும் 300 கிலோ. கண்ணாடி, இரும்பு ஆங்கிள், மணல் எல்லாம் சேர்த்தா 400 கிலோ பக்கம் வந்துடும். இத்தனையும் நாலு சதுர அடி தரையில உக்காருது! வீட்டுத் தளத்துக்கு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோன்னுதான் கணக்கு போட்டு கட்டுவாங்க. ரூம் மொத்தத்துக்கும் பரப்பிப் பாத்தா தாங்கற எடைதான், ஒரே இடத்துல குவிச்சாதான் வம்பு. அதனால கட்டடம் தெரிஞ்ச நண்பரைக் கூட்டிட்டு வந்து, கீழ சுவரும் பீமும் எங்க ஓடுதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டு, அந்தக் கோட்டு மேலதான் ரெண்டு ஸ்டாண்டையும் நிறுத்தினேன். வாடகை வீட்ல இருக்கறவங்க இந்த ஆசையை இப்பவே விட்டுடுங்க. தொட்டிக்கு அடியில தெர்மாகோல் ஷீட் போட மறக்காதீங்க, ஆங்கிள்ல சின்ன மேடு இருந்தாலும் அடிக்கண்ணாடி விரிசல் விட்டுடும்.

14 தொட்டிக்கு 14 மோட்டார் வச்சா கரண்ட் பில் பாத்து மயக்கம் வரும். பெரிய ஏர் பம்ப் ஒண்ணே ஒண்ணு, சுவத்தைச் சுத்தி பிவிசி பைப், அதுலேர்ந்து தொட்டிக்கு ஒரு வால்வு, உள்ள ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். முடிஞ்சுது. பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். மீன் ரூம்ல அழகு பாக்கக் கூடாதுங்கறது என் கட்சி. பம்பை மட்டும் தண்ணி மட்டத்துக்கு மேல மாட்டுங்க. கரண்ட் போச்சுன்னா ட்யூப் வழியா தண்ணி திரும்பி வந்து பம்புக்குள்ள போயிடும்.

கரண்ட்னதும் வர்தா புயல் ஞாபகம் வருது. 2016 டிசம்பர் 12. எங்க தெருவுல நாலு நாள் கரண்ட் இல்ல. 30 டிகிரி தண்ணியில கரையற ஆக்ஸிஜனே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம்தான். 20 டிகிரியா இருந்தா ஒன்பது. நம்ம ஊர் மீனுக்கு எப்பவுமே கொஞ்சம் மூச்சு முட்டற வாழ்க்கைதான். நல்லவேளை, அது டிசம்பர். இன்வர்ட்டர்ல பம்பை மணிக்கு 20 நிமிஷம்னு ஓட்டினேன். "இங்க கொசு பிடுங்குது, ஃபேன் போடக் கூடாது, மீனுக்கு மட்டும் காத்தா?"ன்னு வீட்டம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. பதில் சொல்லாம மாடிக்கு ஏறிட்டேன்.

இப்ப தண்ணி. புதுசா ஆரம்பிக்கறவங்க தொட்டி வாங்கின அன்னிக்கே மீனும் வாங்கிடறாங்க. பத்து நாள்ல செத்துப் போனதும் கடைக்காரரைத் திட்டறாங்க. மீன் கழிவுலேர்ந்து அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் விஷம், மூணாவது அளவா இருந்தா பரவாயில்ல. இந்த பாக்டீரியா ஸ்பாஞ்ச்ல குடியேற நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். ஓடிக்கிட்டிருக்கற பழைய தொட்டியோட ஸ்பாஞ்சைப் புதுத் தொட்டியில போட்டா சீக்கிரம் நடக்கும். ரெண்டாவது தொட்டி முதல் தொட்டியை விட சுலபம்னு சொல்றது இதனாலதான். ஆள் இப்படித்தான் கவுந்து 14-க்குப் போறான்!

நைட்ரேட் மட்டும் தானா போகாது. தண்ணி மாத்தியே ஆகணும். வாரம் 30 சதவீதம்னு வைங்க. 700 லிட்டர்ல 210 லிட்டர். எங்க வீட்டு பிளாஸ்டிக் குடம் 16 லிட்டர். ஆக, வாரம் 13 குடம். போர்ல தண்ணி இருந்த வரைக்கும் இந்தக் கணக்கை நான் போட்டதே இல்ல. அவசியமும் வரல.

2019 கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட வத்திப் போச்சு. ஜூலையில ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, ஞாபகம் இருக்கும். எங்க போர் மே மாசமே காத்து விட ஆரம்பிச்சுடுச்சு. தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி. எங்க அம்மாவும் க்யூவுல நிப்பாங்க, வேண்டாம்னாலும் கேக்க மாட்டாங்க. அப்ப எதிர்வீட்டு அண்ணன், சண்டையா இல்ல, சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். "ஏன் தம்பி, அம்மா நின்னு பிடிக்கற தண்ணி நமக்கா, மாடியில இருக்கறவங்களுக்கா?"

அன்னிக்கு ராத்திரிதான் 13 குடம் கணக்கைப் பேப்பர்ல எழுதினேன். அதே லாரியில ஒரு குடும்பம் சமைக்க, குடிக்க, குளிக்கப் பிடிக்கற தண்ணி அது. தெருவுக்குத் தெரியுதோ இல்லையோ, எனக்குத் தெரியுமே. மூடிடலாம்னு முடிவு பண்ணி ரேட் விசாரிச்சா, கடைகள்ல எடுத்துக்கவே மாட்டேங்கறாங்க. அவங்களுக்கு மட்டும் தண்ணி எங்கேர்ந்து வரும்?

"ஏரியில விட்டுடேன், பிழைச்சுக்கும்"னு நிறைய பேர் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். தொட்டி சுத்தம் பண்ணும்னு வாங்கற சக்கர் மீன் பெருசானதும் ஏரியில விட்டு விட்டு, இன்னிக்கு வலையில அதுவே வருது. தின்னவும் ஆகாது, முள்ளு குத்தி வலையும் கிழியும். ஊர் மீனோட இடத்தையும் பிடிச்சுக்குது. பாவம் பாத்து ஏரியில விடறது பாவமே இல்லாத வேலைன்னு நினைக்காதீங்க.

வழி சொன்னது வீட்டம்மா. "நீ கீழ ஊத்தற தண்ணி பாத்ரூமுக்கு ஆகாதா?" ஆகும். தாராளமா ஆகும். லாரி தண்ணியில பாதி ஃப்ளஷுக்கும் வீடு துடைக்கவும்தான் போய்க்கிட்டிருந்துச்சு. அது நேரா பாத்ரூம் போறதுக்குப் பதிலா மீன் தொட்டி வழியா போகட்டும்! ஆனா 13 குடம் ரொம்ப அதிகம். தொட்டியை அஞ்சா குறைச்சா 75 லிட்டர், அஞ்சு குடத்துக்குள்ள அடங்கும். அதுவும் மொத்தமா பாத்ரூம் கணக்குல கழிஞ்சுடும்.

ஒன்பது தொட்டி காலி. செங்கல்பட்டு பக்கம் கிணத்துப் பாசனம் இருக்கற நண்பர் ஒருத்தர் சிமெண்ட் தொட்டி ரெண்டை ஒதுக்கித் தந்தார் (கிணத்துல விடாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்). கப்பி, மோலி, ப்ளாட்டி எல்லாம் ஆக்ஸிஜன் பையில ரெண்டு நடையா போச்சு. நாலு தலைமுறையா நான் தேர்ந்தெடுத்து வளர்த்த நீலவால் கப்பியும் அதுல உண்டு. அதை எழுதறப்ப இப்பவும் கொஞ்சம் வலிக்குது. ஏஞ்சல் ஜோடியை மட்டும் பிரிக்க மனசு வரல, வச்சுக்கிட்டேன்.

மீதி அஞ்சு தொட்டிக்குத் தீனியைப் பாதியாக்கினேன். மணி பிளான்ட் கொடியை வேர் மட்டும் தண்ணியில நனையற மாதிரி மேல கட்டி விட்டேன், நைட்ரேட்டை உறிஞ்சி அது தளதளன்னு வளருது. லாரி தண்ணியில குளோரின் இருக்கும்னு, டிரம்ல ஒரு நாள் காத்து விட்டு, ஒரு சிட்டிகை ஹைப்போ போட்டுத்தான் சேர்த்தேன். ஏசி தண்ணியை ஊத்துன்னு ஒருத்தர் ஐடியா குடுத்தார். செம்புக் குழாய் பட்டு வர்ற தண்ணி, நமக்கு வேண்டாம் சாமி.

மழை வந்துச்சு. போரும் திரும்ப ஊறுச்சு. ஆனா காலி தொட்டிகளை உடனே நிரப்பல. 2003-லேர்ந்து தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்ங்கறதால மாடியிலேர்ந்து பைப் ஏற்கனவே இருந்துச்சு. அதுலேர்ந்து ஒரு கிளை எடுத்து மீன் ரூம் டிரம்முக்கு விட்டேன். முதல் மழையை வெளிய விட்டுட்டு அடுத்ததைப் பிடிக்கணும். மழைத்தண்ணியில உப்புச்சத்து கிடையாது, அப்படியே ஊத்தக் கூடாது. போர் தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்தா ஏஞ்சலுக்கு அமிர்தம். சாய்ச்சு வச்ச ஓட்டுத் துண்டு மேல அந்த வருஷம் போட்ட முட்டையில பொரிச்ச அளவுக்கு எங்க கடின போர் தண்ணியில பொரிச்சதே இல்ல.

இப்ப ஏழு தொட்டி ஓடுது. டிரம்ல இருக்கற அளவுக்குத்தான் மீன். கோடையில டிரம் இறங்கினா ரெண்டு தொட்டியைக் காலி பண்ணிடுவேன், ஐப்பசியில திரும்ப நிரப்புவேன். காலி தொட்டியில அம்மா வத்தல் காயப் போடறாங்க. கண்ணாடிக்குள்ள சீக்கிரம் காயுதாம், காக்கா தொல்லையும் இல்லையாம்.

டிஸ்கி: ஏஞ்சல் குட்டி எட்டணா சைஸ்ல 40 இருக்கு. வேணும்கிறவங்க வாங்க, காசு வேண்டாம். தொட்டி வச்சு எத்தனை வாரம் ஆச்சுன்னு கேப்பேன், ஒரு மாசத்துக்குக் கம்மின்னா காபி குடிச்சுட்டுப் போகலாம் :-)