டயர் வாங்கப் போறீங்களா? வெர்னியரை எடுத்துக்கோங்க

முதல் வருஷ ஃபிசிக்ஸ் லேப்ல வெர்னியர் காலிப்பர் பிடிச்ச எல்லாருக்கும் தெரியும், அதோட பின்பக்கம் ஒரு மெல்லிசான கம்பி நீட்டிட்டு வரும். ரெக்கார்டு நோட்டுல அம்புக்குறி போட்டு பேர் எழுதினதோட நம்மில் பலருக்கும் அந்தக் கம்பியோட உறவு முடிஞ்சிருக்கும். டயர் கடையில அது எவ்வளவு பணத்தைக் காப்பாத்தும்னு சொல்றேன், கேளுங்க.

எங்க வீட்டு வண்டி டிசையர். சொந்த உபயோகத்துக்கு இல்ல, மஞ்சள் போர்டு. அப்பா திண்டுக்கல்லில் வாடகைக்கு ஓட்டுகிறார். பாதி சவாரி கொடைக்கானலுக்கு. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பிச்சா, டம்டம் பாறை பக்கத்து வளைவுகள்ல ஐப்பசி மழை எப்படிக் கொட்டும்னு போனவங்களுக்குத் தெரியும். போன நவம்பர்ல முன் டயர் ரெண்டும் தேய்ஞ்சு போச்சு. என் செமஸ்டர் ஃபீஸ் கட்டின பிறகு அப்பா கையில மிச்சம் இருந்தது பத்தாயிரம் ரூபாய். "செகண்ட்ஸ் போட்டு ஓட்டுவோம்டா. சபரிமலை சவாரி முடிஞ்சு தை பொறக்கட்டும், புதுசு பாத்துக்கலாம்" என்றார். வண்டியில நாலு பேர் குடும்பத்தோட உட்கார்ந்திருப்பாங்க, ஸ்டீரிங்ல எங்க அப்பா. எனக்கு மனசு ஒப்பல.

டயர் தேய்ஞ்சதா இல்லையான்னு தூரத்துல நின்னு பார்த்து முடிவு பண்ணாதீங்க. டயரின் பக்கவாட்டில் சின்ன முக்கோணமோ, டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதுக்கு நேரா உள்ள பள்ளத்தில் குறுக்கே ஒரு குட்டி மேடு தெரியும். பட்டன் தேய்ஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா, மிச்ச ஆழம் 1.6 மி.மீ. சட்டப்படி அதுதான் கடைசி எல்லை. ஆனா மழைக்கு சட்டம் தெரியாது. பள்ளங்கள் இருப்பதே தண்ணியை வெளியே தள்ளத்தான். ஆழம் குறையக் குறைய டயர் ரோட்டை விட்டுட்டு தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கும். எங்க வண்டியில் முன்னாடி 1.7, பின்னாடி 4.1.

கடையில் எங்க சைஸ், அதாவது 165/80 ஆர்14, புதுசு 4,200 ரூபாய். செகண்ட்ஸ் 1,600. பார்த்தா செகண்ட்ஸ்தான் மலிவு. இப்போ கம்பியை உள்ளே விடுங்க. புதுசுல ஆழம் 7.6 மி.மீ. அதுல 1.6-ஐக் கழிச்சா, நாம ஓட்டக்கூடிய ரப்பர் 6 மி.மீ. ஒரு மி.மீ. விலை 700 ரூபாய். செகண்ட்ஸ்ல ஆழம் 3.2. கழிச்சா மிச்சம் 1.6 மி.மீ.தான். ஒரு மி.மீ. ஆயிரம் ரூபாய்! அப்பா கணக்கைக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

கடைக்காரர் விடுவாரா? குவியலுக்குள்ளிருந்து இன்னொண்ணை உருட்டிட்டு வந்தார். ஆழம் அஞ்சு மி.மீ.க்கு மேல, விலை அதே 1,600. முக்கோணத்துக்கு நேரா மேட்டைத் தேடினேன். மேடே இல்ல. தேய்ஞ்ச டயர்ல சூடான கத்தியால பள்ளத்தை மறுபடி வெட்டியிருக்காங்க. வெட்டும்போது மேடும் சேர்ந்து போயிருக்கு. கார் டயர்ல அடியில் உள்ள ரப்பர் மெல்லிசு. அதையும் வெட்டினா மிச்சம் இருக்கிறது உள்ளே உள்ள கம்பி வலைதான். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம்: 3817. அதாவது 2017-ஆம் வருஷம் 38-ஆவது வாரம் தயாரிச்சது. எட்டு வயசு. ரப்பர் சும்மா கிடந்தாலும் இறுகிப் போகும், அதனால புது டயர் வாங்கினாலும் இந்த நாலு இலக்கத்தைப் பாருங்க. உங்க ஸ்டெப்னியையும் ஒரு தடவை பாத்துடுங்க, யாருமே பார்க்கிறதில்ல.

சரி, புதுசு ரெண்டு என்று முடிவாச்சு. எங்கே மாட்டுறது? கடைப் பையன் நேரா முன்னாடி ஜாக்கி போட்டான். அப்பாவும், "இஞ்சினும் ஸ்டீரிங்கும் முன்னாடிதானே இருக்கு" என்றார். புதுசு பின்னாடி போகணும் என்று நான் பிடிவாதமா நின்னேன். ஈர ரோட்டில் முன் டயர் பிடிப்பை விட்டா வண்டி வளையாம நேரா இழுக்கும்; ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா பெரும்பாலும் சமாளிச்சிடலாம். பின் டயர் விட்டா பின்பக்கம் விசிறிக்கிட்டு வண்டியே சுத்திடும். மலை வளைவில் அதைச் சமாளிக்க இடமும் இல்ல, நேரமும் இல்ல. டயர் கம்பெனிகளே இப்படித்தான் மாட்டச் சொல்றாங்க. பின்னாடி இருந்த 4.1 மி.மீ. ஜோடி முன்னாடி வந்தது.

அலாய் வீல் ஆசை உள்ளவங்களுக்கும் கொஞ்சம் சொல்லணும். அதே கடையில் பழைய ஹோண்டா அலாய் ஒரு செட் இருந்தது, பளபளன்னு. நாலு போல்ட், போல்ட் வட்டம் 100 மி.மீ., நம்ம மாருதிக்கும் அதேதான். மாட்டினா உட்காரும். ஆனா நடு ஓட்டை ஹோண்டாவுக்கு 56.1, நமக்கு 54.1. அந்த ரெண்டு மி.மீ. இடைவெளிக்கு வளையம் போடாம ஓட்டினா வீல் சரியா நடுவுல உட்காராது, வேகத்துல ஸ்டீரிங் நடுங்கும். பெரிய சைஸ் போடுறதா இருந்தா மொத்த விட்டத்தைக் கணக்குப் போடுங்க: 165/80 ஆர்14 என்பது 619.6 மி.மீ., 185/65 ஆர்15 என்பது 621.5. கிட்டத்தட்ட ஒண்ணு, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. வாடகை வண்டிக்கு என் ஓட்டு இரும்பு ரிம்முக்குத்தான். குழியில் விழுந்தா வளையும், பெண்டு எடுத்துடலாம். அலாய் விரிசல் விட்டா நம்பி ஓட்ட முடியாது.

கம்பெனி? ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும், லோடு எண் குறையக் கூடாது. எங்களுக்கு 85, அதாவது ஒரு டயருக்கு 515 கிலோ. அதுக்கு மேல பேர் பார்த்துப் பணம் கொடுக்கிறது உங்க இஷ்டம். 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு டயர் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமா இறங்கியிருக்கு, பழைய ரேட்டைச் சொன்னா கேளுங்க. நைட்ரஜன் காத்துக்குத் தனியா காசு கேட்பாங்க. சாதா காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். வாராவாரம் காத்து செக் பண்ணினாலே போதும்.

டயர் 8,400. வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து ஆயிரம். கழட்டின பழைய ரெண்டையும் ஜோடி இருநூறு ரூபாய்க்குக் கேட்டாங்க. கையில இருந்தது அறுநூறு, அந்த இருநூறும் பெரிசுதான். அப்பா என்னைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். "வேணாம், டிக்கியில போடுப்பா" என்று கடைப் பையன்கிட்ட சொல்லிட்டார். அன்னைக்கு ராத்திரியே கொடைக்கானல் சவாரி இருந்தது. முன்னாடி உள்ள ஜோடிக்கு ஜூன் வரைக்கும் உயிர் இருக்கும். அடுத்த ஃபீஸும் ஜூன்லதான்.