அலுமாரியும் மூலைவிட்டமும்

1995இல் வலிகாமத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது எமது தந்தையார் சைக்கிளிற் கட்டிச் சென்ற பொருள்களுட் பாதி புத்தகங்களே. மறுவருடம் அவற்றை மீண்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவர் மறைந்த பின்னரும் அவை பெட்டிகளிலேயே கிடந்தன. மாரிதோறும் பூஞ்சணம் பிடிப்பதைக் கண்டு மனம் பொறாது, கண்ணாடிக் கதவிட்ட ஓர் அலுமாரி செய்விக்கச் சென்ற ஆண்டில் முடிவு செய்தோம்.

பிறநாட்டுத் தச்சுநூல் ஒன்றிலே அழகிய வரைபடம் அகப்பட்டது. உயரம் 84 அங்குலம், அகலம் 48, ஆழம் 24. எமது அறையிலோ பலகைத் தட்டு 86 அங்குல உயரத்தில் உள்ளது. இரண்டு அங்குலம் மிஞ்சுகிறதே என மகிழ்ந்து, மரத்துக்கு முற்பணம் கொடுக்கவும் ஆயத்தமானோம்.

ஆசாரியார் படத்தைப் பார்த்தார். பின்னர் அறையைப் பார்த்தார்.

"மாஸ்டர், இது நிண்டுகொண்டே வாசலால வரும்?"

"இல்லை, கிடத்தித்தான் கொண்டுவர வேண்டும்."

"அப்ப நிமித்தேக்கை மூலை எங்கை முட்டும்?"

அவர் அலுமாரியின் பக்கத் தோற்றத்தை நிலத்தில் வெண்கட்டியால் முழு அளவில் வரைந்து, மூலைக்கு மூலை நூல் பிடித்தார். 87 அங்குலத்துக்கும் சற்று அதிகம்! 84இன் வர்க்கம் 7056. 24இன் வர்க்கம் 576. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் காணச் சிறு மாணவனும் அறிவான். இருபது வருடங்களாகப் பைதகரசின் தேற்றத்தைக் கற்பித்துவரும் எமக்கு அது தோன்றவில்லை. வெட்கிப் போனோம்.

அன்றிரவு தந்தையாரின் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்தோம். மிகப் பெரியதும் பத்து அங்குல அகலத்தைத் தாண்டவில்லை. அப்போதுதான் உண்மை புலப்பட்டது. அந்த வரைபடம் உடுப்புகளைத் தொங்கவிடுவதற்காக வரையப்பட்டது. புத்தகத்துக்கு 12 அங்குல ஆழமே போதும். ஆழம் பாதியானால் மூலைவிட்டம் 85 அங்குலத்துக்குள் அடங்கிவிடும்.

ஏனையவற்றையும் ஆசாரியாருடன் இருந்து சரிபார்த்தோம். நூல்களின் பாரத்தால் 48 அங்குலத் தட்டு நடுவே தொய்யும். ஆகவே நடுவில் ஒரு தடுப்பு வைத்தோம். தட்டின் நீளம் பாதியாகும்போது தொய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பது கணக்கு. ஓரங்குலமென்று வாங்கும் பலகை, சீவியபின் ஏறக்குறைய முக்கால் அங்குலமே தேறும். அதற்கேற்ப உள்ளளவுகளைத் திருத்தினோம். ஈரம் ஊறாதிருக்கச் சுவருக்கும் அலுமாரிக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி. கறையான் ஏறினால் கண்ணிற் படுவதற்கு உயர்ந்த கால்கள். ஒடுங்கிய அலுமாரி முன்னே சரியாதிருக்கச் சுவரோடு இரும்புப் பிடி.

அலுமாரியை நிமிர்த்திய அன்று வீட்டார் அனைவரும் மூச்சடக்கி நின்றோம். அதன் மூலை, தட்டுக்கு ஓரங்குலம் கீழாகத் தப்பிச் சென்றது. பெட்டியைத் திறந்து முதற் புத்தகத்தை எடுத்து வைத்தவள் தாத்தாவைக் கண்டிராத எமது மகள்.

மறுநாள் வகுப்பிலே அத்தேற்றத்தைக் கற்பிக்கும் முறை வந்தது. கரும்பலகையில் முக்கோணத்துக்கு முன்னதாக ஓர் அலுமாரியை வரைந்தோம்.